தாயா? தமக்கையா?

“சார், எங்க வீட்டுல பேசறது கெட்டுப்போன தமிழா?”

கேட்டவன் ஏழாம் வகுப்பு மாணவன். கேட்கப்பட்டவர் நாம். இடம், கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடம். நேரம், கடைசி மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் ஓடிய பின், அவன் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் மேசையருகே தயங்கி நின்ற மாலை.

கேள்வி கேட்கக் கற்றுத் தந்தவரும் நாமே. “எவர் கூறினும் ஏன் என்று கேள்! ஏட்டில் இருப்பினும் கேள்! ஆசிரியர் சொன்னாலும் கேள்!” என்று பணியேற்ற முதல் நாளிலேயே முழங்கியவர்கள் நாம். அவன் கேட்டான். நமக்கோ நா எழவில்லை. ஏன்? அந்தக் கேள்வியை முள்ளாக அவன் நெஞ்சில் தைத்தவரும் நாமேதான்!

முந்திய நாள் வகுப்பிலே தமிழின் பெருமை பேசினோம். தொன்மை பேசினோம். இலக்கிய வளம் பேசினோம். பேசிய வேகத்திலே, “தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் தமிழ்த்தாய் பெற்ற மகள்கள், வடமொழி வந்து கலந்ததால் வடிவு கெட்டவர்கள்” என்றும் கூறிவிட்டோம். கை தட்டினர் மாணவர். கேட்டு மகிழ்ந்தோம் நாம். தட்டாத கைகள் இரண்டு, மூன்றாம் வரிசையில் இருந்தன. அவற்றை நாம் காணவில்லை.

அவன் வீட்டிலே பேசுவது தெலுங்கு. பல தலைமுறையாகத் தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டிலேயே உழைத்து, தமிழ்நாட்டு மண்ணிலேயே மறைந்த மக்களின் வீட்டுமொழி. அவன் தாய் பேரூராட்சியிலே தூய்மைப் பணியாளர். ஊர் கண் விழிக்குமுன் ஊரின் அழுக்கை அள்ளுபவர். மறுநாள் இடைவேளையில் அவனுக்குப் பட்டப்பெயர் கிடைத்தது: ‘கெட்டுப்போன தமிழ்’! அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்குகிற ஊர், அந்த வீட்டு மொழியையும் தாழ்த்துவதற்கு ஒரு புதுச் சொல்லைப் பெற்றது. அச்சொல்லைப் பாடமாக்கித் தந்தவர், சாதி ஒழிப்பு பேசும் நாம்!

“நாளை விடை சொல்லலாம், தம்பி” என்று அனுப்பி வைத்தோம். அந்த ‘நாளை’ வருவதற்கு நான்கு வாரம் பிடித்தது.

★

எங்கிருந்து பெற்றோம் இந்தத் தாய்-மகள் கதையை? எண்ணிப் பார்த்தோம். கல்லூரி மேடைகளில் கேட்டோம். கேட்டதை மேடைகளில் முழங்கினோம். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கமும் தென்மொழிகளைத் தமிழின் வயிற்றிலே பிறந்தவையாகத்தான் பாடுகிறது. ஆனால், 1970-இல் தமிழக அரசு அப்பாடலை வாழ்த்துப் பாடலாக ஏற்றபோது, அந்த வரிகளை நீக்கிவிட்டே ஏற்றது. மாணவர் காலையில் பாடும் பாடலிலே இல்லாத செய்தியை, மதியம் நாம் வகுப்பிலே நுழைத்திருக்கிறோம்!

வகுப்பறையோடு முடிகிற செய்தியா இது? 2025 மே மாதம், சென்னையில் நடந்த திரைப்பட விழா ஒன்றிலே, கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருள்படப் பேசப்பட்டது. கருநாடகம் கொதித்தது. படம் அங்கே திரையிடப்படவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் ஏறிற்று, உச்ச நீதிமன்றமும் சென்றது. தமிழர் சிலர் மார் தட்டினர். கன்னடர் சிலர் பல்லைக் கடித்தனர். “சான்று என்ன?” என்று கேட்டவர் இரு பக்கமும் சிலரே. மொழிகளின் உறவைத் தீர்ப்பது மேடையா? வழக்கு மன்றமா? அதற்கென ஓர் ஆய்வு முறை இருநூறு ஆண்டுகளாக வளர்ந்து நிற்கிறது. அதை நாடினோம்.

முதலில் கிடைத்தது மகிழ்ச்சி. 1786-இல், கல்கத்தாவிலே, நீதிபதி வில்லியம் ஜோன்சு சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்றார். அவ்வூற்று இன்று இல்லாமற் போயிருக்கக்கூடும் என்றும் கூறினார். சமற்கிருதம் மற்ற இரண்டுக்கும் தாய் என்று அவர் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள்! ஆயினும் இந்நாட்டின் மொழிகள் அனைத்தும் சமற்கிருதத்தின் பிள்ளைகளே என்ற எண்ணம் அக்காலத்து ஆய்வாளரிடையே வலுத்திருந்தது. அதனை உடைத்தவர், சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிசு ஒயிட் எல்லிசு. 1816-இல், காம்பெல் என்பார் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் வழங்கிய ஆய்வுரையிலே, தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை தனிக் குடும்பம், சமற்கிருதத்தினின்றும் பிறந்தவை அல்ல என்று வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல், திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்.

படித்தோம், பூரித்தோம். ஆனால் எல்லிசு மெய்ப்பித்தது எந்த மொழியைக் கொண்டு? தெலுங்கைக் கொண்டு! வடமொழி வெள்ளத்திலே மூழ்கிப் போனதாக நாம் இகழ்ந்தோமே, அந்தத் தெலுங்கின் வேர்களைத் தோண்டிக் காட்டியல்லவா இக்குடும்பம் தனிக் குடும்பம் என்று நிறுவினார்! நம் மாணவன் வீட்டு மொழி, நம் வழக்கின் முதற் சாட்சி!

கடன் சொற்கள் வந்தால் பெற்றோர் மாறுவரோ? ஆங்கிலத்தைப் பாருங்கள். அதன் அகராதியிலே பாதிக்கு மேல் பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. எனினும் அது செருமானிய மொழிக் குடும்பமே. கை, கால், தாய், தந்தை, வா, போ என்ற அடிப்படைச் சொற்களும், அவற்றைக் கோக்கும் இலக்கணமும் பழைய வீட்டையே காட்டுகின்றன. அண்டை வீட்டில் அரிசி கடன் வாங்கியவன் அண்டை வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவதில்லை.

★

உறவை அறிவது எப்படி? ‘ஒலி ஒத்திருக்கிறது, ஆகவே உறவு’ என்பது சோதிடம். நம் ஒன்று, ஆங்கிலத்தின் ‘ஒன்’ என்று காட்டி, ஆங்கிலமும் தமிழின் பிள்ளையே என்போரைக் கேட்டிருக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஆன்’! இன்றைய ஒலி பின்னாளில் வந்தது. ஒற்றுமை தற்செயல். அதைக் கொண்டு குடும்பம் கட்டுவது, மூக்கு நீளமாயிருப்போர் அனைவரும் உடன்பிறந்தோர் என்பது போலாகும்.

ஆய்வாளர் நாடுவது ஒற்றுமையை அன்று, ஒழுங்கான வேற்றுமையை. இலத்தீனில் ‘ப’ வரும் பழஞ்சொற்களில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வரும்: தந்தை அங்கே ‘பாதெர்’, இங்கே ‘ஃபாதர்’, அடி அங்கே ‘பெத்’, இங்கே ‘ஃபுட்’. ஒரு சொல்லில் அல்ல, வரிசை வரிசையாக. 1822-இல் இந்த ஒழுங்கை விதியாக விளக்கியவர் யாக்கோபு கிரிம், சிறுவர் கதைகளைத் தொகுத்த அதே கிரிம் உடன்பிறப்புகளில் ஒருவர்.

இந்த அளவுகோலைச் சமற்கிருதத்தின் மீது வைத்தனர். ‘உம்’ என்ற பொருளில் சமற்கிருதத்தில் ‘ச’, இலத்தீனில் ‘க்வே’. ககரம் சகரமாக மாறுவது வழக்கமாக இகர எகரங்களின் முன்னே. நாக்கு முன்னோக்கி நகர்வதால் நேரும் மாற்றம் அது. இலத்தீனில் நூறு என்பது ‘கெந்தும்’, அதன் வழிவந்த இத்தாலியத்திலே ‘செந்தோ’ ஆனது போல. ஆனால் சமற்கிருதச் சொல்லிலே எகரம் இல்லையே, அகரமன்றோ இருக்கிறது? அப்படியானால், ஒரு காலத்தில் அங்கே எகரம் இருந்து, ககரத்தைச் சகரமாக்கிவிட்டு, பின்னர் அகரத்தில் கரைந்திருக்க வேண்டும். 1870-களிலே இதனைக் கண்டனர். பழைய உயிரொலியைக் காத்தது இலத்தீனும் கிரேக்கமும், இழந்தது சமற்கிருதம். ஆகவே அது தாயன்று, உடன்பிறந்தவள்.

கை தட்டினோம்! தேவபாடை என்றும், மொழிகளுக்கெல்லாம் தாய் என்றும் கூறினரே, ஒரு ககரத்தின் முன்னே அந்தக் கோட்டை சரிந்ததே என்று களித்தோம். களித்துக்கொண்டே அடுத்த நூலைப் புரட்டினோம். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி. காது என்ற பொருளுள்ள சொல்லைத் தேடினோம்.

தமிழில் செவி. தெலுங்கில் செவி. கன்னடத்தில் கிவி. துளுவில் கெபி. நீலகிரிக் கோத்தர் மொழியில் கெவ். நடு இந்தியக் கோண்டியில் கவி. சார்க்கண்டுப் பகுதியின் குருக்கில் ‘கெப்தா’. பலூச்சித்தானத்துப் பிராகூயியில் ‘கஃப்’. இவ்விரண்டிலும் ககரம் தொண்டையில் உரசி ஒலிக்கும்.

தட்டிய கை நின்றது. ஒருவரையொருவர் கண்டறியாத கோத்தரும் கோண்டரும் பலூச்சித்தானத்தாரும் கூடிப் பேசி, செவியை ஒரே நாளில் ககரமாக்கினரோ? இல்லை. மூதாதை மொழியில் இருந்தது ககரம். அதனைச் சகரமாக்கியவர்கள் தெலுங்கரும், நாமும்! சமற்கிருதத்தைத் தாய் நாற்காலியிலிருந்து இறக்கிய அதே ககரம், இதோ தமிழின் முன்னும் வந்து நிற்கிறது. அங்கே ஒப்புக்கொண்டோம், இங்கே மறுப்போமா? மறுத்தால், நாம் கொண்டது பகுத்தறிவா, பக்கச்சார்பா?

★

அந்த வாரக் கடைசியில் அவன் வீட்டுக்குப் போனோம், சொற்கள் தேடி. அவன் தாய் நாற்காலி தேடினார்; திண்ணையே போதும் என்றோம். தண்ணீர் தந்தார், குடித்தோம். “எங்க பேச்சை எழுதி என்னங்க சார் பண்ணப் போறீங்க? தெருவுல பேசாதேன்னுதான் பசங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார். சொற்களைக் கேட்டோம், முதலில் நாணினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மகன் எழுதினான்; எழுதி முடித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்களன்று கரும்பலகையில் மூன்று பத்தி இட்டோம்: தமிழ், கன்னடம், தெலுங்கு. தமிழை வகுப்பு சொல்லிற்று. கன்னடத்தை நாம் எழுதினோம். மூன்றாம் பத்திக்கு அவனை அழைத்தோம். தாளைப் பார்த்து எழுதினான்.

செவி, கிவி, செவி. சிறு, கிரு, சிரு. தமிழும் தெலுங்கும் ஒரு பக்கம், கன்னடம் மறுபக்கம். “கன்னடத்தில் எல்லாம் ‘க’ சார்!” என்றாள் ஒரு மாணவி. அடுத்து, கேடு என்று எழுதினோம். கன்னடத்திலும் கேடு. அவன் எழுதினான்: சேடு. கிளி. கன்னடத்திலும், முதலொலி சற்று எடுத்து ஒலிப்பினும், கிளி. அவன் எழுதினான்: சிலுக. வகுப்பு விழித்தது. இப்போது தமிழ் கட்சி மாறிக் கன்னடத்தோடு நிற்கிறதே! ஏன்?

விடையை நாம் சொல்லவில்லை. அரை மணி நேரம் தேடினர். முன் வரிசைச் சிறுமிதான் கண்டாள்: தமிழில் ‘க’ நிற்கும் சொற்களிலெல்லாம் அடுத்த எழுத்து ட, ள, ழ! ஆம். நாக்கை மேலே வளைத்து ஒலிக்கும் ட, ண, ள, ழ பின்னே வருமானால், தமிழ் பழைய ககரத்தைக் காத்தது, வராதபோது சகரமாக்கிற்று. தெலுங்கு இரண்டிடத்தும் மாற்றியது. கன்னடம் இரண்டிடத்தும் காத்தது. கீரை போன்று இவ்விதிக்கு அடங்காத சில சொற்களும் உண்டு. அவற்றையும் மறைக்கவில்லை, கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தோம்.

அப்படியானால் கன்னடம்தான் தாயா? எழுந்தது அடுத்த வினா. பால், புலி, பத்து என்று எழுதினோம். கன்னடத்திலே ஹாலு, ஹுலி, ஹத்து. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலோ பகரமே இருக்கிறது. இங்கே மாறியவள் கன்னடம். காத்தவர்கள் தமிழும் தெலுங்கும். ழகரம் பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் இருந்து மறைந்தது. தமிழும் மலையாளமும் அதனை இன்றும் காக்கின்றன. தாய் விட்டுச் சென்ற நகைகளில் ஒருத்தி காத்ததை மற்றொருத்தி தொலைத்தாள். எல்லாவற்றையும் காத்தவள் எவளும் இல்லை. எழுதி வைக்கப்படாத அந்த மூதாதை மொழியை, மகள்களின் நகைகளைக் கூட்டித்தான் மீட்டெடுக்க வேண்டும். ஒருத்தியை இழிவென்று ஒதுக்கினால் அவளிடமுள்ள நகையும் போயிற்று. இக்குடும்பம் கிளைத்து ஏறத்தாழ 4,500 ஆண்டு ஆகியிருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது.

பிறகு, பலகையின் நடுவிலே அந்தச் சொல்லை எழுதினோம்: ‘கெட்ட’. கன்னடத்திலும் ‘கெட்ட’. அவனைப் பார்த்தோம். ஒரு கணம் நின்றான். பின் எழுதினான்: ‘செட்ட’.

சிரிக்கவில்லை எவரும். அவனை இகழ எடுத்த சொல்லும் அவன் வீட்டுச் சொல்லே. அவன் வீட்டில் அதற்கு வேறு ஒலி. விதி தவறாமல் மாறிய ஒலி. நம் வீட்டுச் ‘செவி’ எந்த வகை மாற்றத்துக்கு உட்பட்டதோ, அதே வகை. அது ‘கெட்டது’ என்றால், நம் செவியும் கெட்டதே!

“முன்பு இங்கே கூறியது தவறு. சான்று பாராமல் கூறியது. தெலுங்கு தமிழின் மகளும் அன்று, கெட்ட தமிழும் அன்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்” என்று வகுப்பின் முன் கூறினோம். கூறும்போது குரல் தடுமாறியது. ஆசிரியர் தவறை ஒப்பினால் மதிப்புக் குறையும் என்பார்கள். அவ்வாரம் வகுப்பிலே எழுந்த கேள்விகள், முந்திய பருவம் முழுதும் எழுந்தவற்றினும் மிகுதி.

★

தமிழுக்கு இதனால் தாழ்வு வந்ததா? வரவில்லை. இக்குடும்பத்திலே எழுத்தும் இலக்கியமும் முதலில் கண்டவள் தமிழ். தமிழின் பழங்கல்வெட்டுகள் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை. கன்னடத்தின் தொல் கல்வெட்டான அல்மிடி ஐந்தாம் நூற்றாண்டினது. தெலுங்குக் கல்வெட்டுகள் ஆறாம் நூற்றாண்டில் தொடங்குகின்றன. ஏட்டில் மூத்தவள், ஆகவே தமக்கை. தமக்கை என்ற இடம் சிறிதா? தங்கையரைத் தாங்கும் இடமல்லவா அது?

தங்கையர் நிலை என்ன? 2011 கணக்கெடுப்பிலே கோண்டியைத் தாய்மொழியாகக் கூறியோர் 29 இலட்சத்துக்கு மேல். குருக் மொழியினர் 19 இலட்சத்துக்கு மேல். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் இவற்றுக்கு இடமில்லை; அங்கே உள்ள திராவிட மொழிகள் நான்கே. பிராகூயி மொழி ஒன்று, இரண்டு, மூன்று வரையே பழைய எண்களை வைத்திருக்கிறது. நான்கு முதல் எண்ணுவதெல்லாம் கடன். ஆனால் இன்றும் அங்கே எதிரில் நிற்பவனை விளிக்கும் சொல் ‘நீ’! அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வகுப்பு எழுப்பிய ஆரவாரத்தை எழுத்தில் தர இயலாது.

அந்தப் பட்டப்பெயர் மறைந்ததா? முற்றிலும் மறையவில்லை. அவன் தாய் தெருவிலே இன்னும் தம் மொழியைத் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார். ஒரு பாடம் ஊரை மாற்றிவிடாது. ஊரின் மடமைக்கு நம் பாடம் தந்த ஆயுதத்தையேனும் திரும்பப் பெற்றோம்.

தோழர்களே! எதிரியின் கூடத்திலே வைத்துப் பார்த்த தராசை நம் வீட்டுக் கூடத்திலும் வைத்துப் பார்த்தாக வேண்டும். நம் பொருளை எடை போட மறுக்கும் தராசை எவன் நம்புவான்? உங்கள் ஊரிலும், உங்கள் படிப்பகத்திலும், மூன்றாம் வரிசையில் கை தட்டாமல் ஒருவன் அமர்ந்திருக்கக் கூடும். அவன் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். தாளும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள். அவன் தாய் கூறும் சொற்களை எழுதி, நம் சொற்களின் பக்கத்திலே வையுங்கள். நாம் நான்கு வாரம் தாமதித்துத் தந்த விடையை, அவன் கேட்குமுன்பே நீங்கள் தந்துவிடலாம்.